கினியும் நாட்டுக்கோழியும் ஒரே கொட்டகையில்

வளர்ந்த கினிக்கோழி பத்தைச் சந்தையில் வாங்கி வந்து, அன்று சாயங்காலமே கோழிகளோடு திறந்துவிட்டால் நடப்பது இதுதான். இரவு பத்தும் வேப்பமரத்து உச்சியில். மறுநாள் பக்கத்துத் தோட்டத்துச் சோளக்காட்டில். மூன்றாம் நாள் எண்ணினால் ஆறு. வாங்கியவர், "கினி நமக்குச் சரிப்படாது" என்று முடிவு கட்டிவிடுவார்.

நாட்டுக்கோழி இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். எங்கே மேய்ந்தாலும் பொழுது சாய்ந்தால் அடைய வந்துவிடும். கினி தன் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். கூட்டம் போகிற இடமே அதற்கு வீடு. ஆகவே உங்கள் கோழிகளைத் தன் கூட்டமாகவும் கொட்டகையைத் தான் அடையும் இடமாகவும் கினி நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த நினைப்பு உருவாவது முதல் எட்டு வாரத்துக்குள். வளர்ந்த பறவைக்கு அதைக் கற்றுக்கொடுப்பது நாய் வாலை நிமிர்த்துகிற வேலை; அதில் இறங்க வேண்டாம். முட்டையிலிருந்து தொடங்குவது முதல் வழி. ஒரு நாள் குஞ்சு இரண்டாவது. ஆறு முதல் எட்டு வாரக் குஞ்சு கடைசி வழி.

எத்தனை வைக்கலாம்

பதினைந்து பெட்டைக்கோழியும் ஒரு சேவலும் உள்ள கூட்டத்துக்கு ஆறு கினி போதும். அதில் ஆண் ஒன்று, பெட்டை ஐந்து. நான்குக்குக் குறைவாக வைக்காதீர்கள். ஒற்றைக் கினி நாள் முழுக்கத் துணையைக் கூப்பிட்டுக் கத்தும், இல்லாவிட்டால் கோழிகளை மிரட்டுவதைத் தொழிலாக்கிக்கொள்ளும். ஆண் இரண்டுக்கு மேல் போனால் சேவலின் பாடு திண்டாட்டம். அதைப் பின்னால் பார்ப்போம்.

ஆணா பெட்டையா என்று கண்டுபிடிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிறம் உதவாது, இரண்டுக்கும் ஒரே புள்ளி, ஒரே சாம்பல். தலைமேல் உள்ள கொம்பைப் பார்த்துச் சொல்பவர்கள் பாதி நேரம் தவறவிடுவார்கள். காதால் கேளுங்கள். எட்டு வாரம் தாண்டியதும் பெட்டை இரண்டு அசையில் கூப்பிட ஆரம்பிக்கும்: 'பக்-வீட், பக்-வீட்' என்று இரண்டாவது அசை மேலே ஏறும். ஆணுக்கு ஒரே அசைதான். 'ச்சி-ச்சி-ச்சி' என்று வேகமாக அடுக்கும். பயந்தால் பெட்டையும் ஒற்றை அசையில் கத்தும், ஆனால் ஆண் ஒருபோதும் இரண்டு அசையில் கூப்பிடாது. ஆகவே இரட்டை அசையைக் கேட்ட பறவையின் காலில் உடனே ஒரு சிவப்பு வளையம் மாட்டுங்கள். நான்கைந்து நாள் கேட்டும் வளையம் விழாதது ஆண். பதினைந்து வாரத்தில் தாடியும் காட்டிக்கொடுக்கும்: ஆணுக்குப் பெரிதாக, தடித்து, கிண்ணம்போல மடிந்திருக்கும், பெட்டைக்குச் சிறியது, தட்டையானது.

உத்தரப் பிரதேசத்தில் பரேலியை அடுத்த இஸத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனம் காதம்பரி, சிதம்பரி, சுவேதாம்பரி என்று மூன்று கினி ரகங்களை வெளியிட்டிருக்கிறது. காதம்பரி நாம் வழக்கமாகப் பார்க்கும் முத்துப்புள்ளி, சுவேதாம்பரி வெள்ளை. மேய்ச்சலில் விடுவதாக இருந்தால் புள்ளி ரகமே நல்லது. வெள்ளை, பருந்தின் கண்ணுக்குத் தொலைவிலிருந்தே படும்.

கொட்டகை

மேலே சொன்ன கணக்குக்குப் பத்தடிக்கு எட்டடி போதும். கோழிக்கு இரண்டரை சதுர அடி, கினிக்கு நான்கு என்று கணக்கு வையுங்கள். கோழி எந்தப் பொந்திலும் அடங்கிவிடும், கினிக்கு நெருக்கடி ஆகாது.

கோழிக்கூட்டில் வழக்கமாக வைக்கும் ஒரு அடிச் சதுர வாசலைப் பார்த்தால் கினி நுழையாமல் வெளியிலேயே சுற்றும். மூன்றடி அகலத்தில், நிமிர்ந்து நடந்து போகிற அளவு வாசல் வையுங்கள். உள்ளே இருட்டாகவும் இருக்கக் கூடாது. கினிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது; இருண்ட இடத்துக்குள் கால் வைக்காது. ஐந்து வாட் எல்இடி பல்பு ஒன்றைக் கொட்டகையின் உட்பக்க மூலையில் மாட்டி, பொழுது சாய்வதற்கு அரைமணி முன்பே போட்டுவிடுங்கள். எல்லாம் ஏறி உட்கார்ந்தபின் அணைக்கலாம். கினி மரத்தில் தங்குகிறது என்று வரும் புகார்களில் பாதி இந்த ஒரு பல்பில் தீர்ந்துவிடும்.

உட்காரும் கோல்களை இரண்டு மட்டத்தில் அமையுங்கள். கோழிக்கு இரண்டரை அடி உயரம், கினிக்கு ஐந்தடி. கினி எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்தைத்தான் தேடும். அது உள்ளேயே கிடைத்தால் மரத்துக்கு ஏன் போகிறது. மேல்கோல் கீழ்க்கோலுக்கு நேர் மேலே வரக் கூடாது, எச்சம் முழுக்கக் கோழியின் முதுகில் விழும். இரண்டு அங்குலத் தடிமனுள்ள சவுக்குக் கம்பு போதும். பறவைக்குப் பத்து அங்குல இடம் விடுங்கள்.

முட்டுச்சந்து இல்லாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. கினி துரத்தும்போது கோழி மூலைக்குள் மாட்டிக்கொண்டால் அடி வாங்கும், ஓட வழி இருந்தால் தப்பிவிடும். மேய்ச்சல் வளாகத்துக்கு எதிரெதிரே இரண்டு வாசல் வையுங்கள். நடுவில் பனையோலைத் தட்டி இரண்டை, நான்கடி நீளத்தில், சும்மா சாய்த்து நிறுத்தினால் அடிவாங்கும் கோழி அதன் பின்னால் மறைந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாததைக் கினி துரத்தாது.

வலைவேலியை ஆறடி உயரத்துக்கு எழுப்பினாலும் கினி பறந்து தாண்டிவிடும். ஆனால் திரும்பி வரத் தெரியாது. பத்தடி தள்ளி வாசல் திறந்தே கிடக்கும். அது வலைக்கு அந்தப் பக்கம், உள்ளே இருக்கும் கூட்டத்தைப் பார்த்தபடி, இப்படியும் அப்படியும் நடந்து கத்திக்கொண்டிருக்கும். நாய் பிடிப்பது இந்த நேரத்தில்தான். ஒரு பக்கச் சிறகின் பறக்கும் இறகுகளை மட்டும் பாதி நீளத்துக்கு வெட்டினால் சமநிலை தவறி உயரப் பறக்காது. அடிப்பகுதியில் ரத்தம் ஓடும் புது இறகை வெட்டாதீர்கள். இறகு உதிர்ந்து புதிதாக முளைத்தால் மறுபடி வெட்ட வேண்டும்.

அடைக்கோழியின் கீழே

கினி முட்டை பம்பரம் மாதிரி ஒரு முனை கூம்பி, பழுப்புப் புள்ளிகளோடு இருக்கும். எடை சுமார் 40 கிராம். ஓடு கோழி முட்டையைவிட நல்ல கெட்டி. கோழி முட்டை 21 நாளில் பொரியும், கினிக்கு 26 முதல் 28 நாள். இந்த ஒரு வார வித்தியாசத்தைக் கவனிக்காததால்தான் பெரும்பாலான அடைகள் வீணாகின்றன. இரண்டு முட்டையையும் ஒரே நாளில் வைத்தால், 21-ஆம் நாள் கோழிக்குஞ்சு வந்ததும் தாய் எழுந்து போய்விடும். கினி முட்டை உயிர் உள்ள நிலையில் குளிர்ந்து செத்துவிடும்.

கினி முட்டை மட்டும் வைப்பது சுலபம். இரண்டும் கலந்த கூட்டம் வேண்டுமென்றால் முதல் நாள் கினி முட்டை பத்து வைத்து, ஆறாம் நாள் இரவில் நாட்டுக்கோழி முட்டை ஐந்து சேருங்கள். பின்னால் வைத்ததில் பென்சிலால் குறியிட்டால் குழப்பம் வராது. இரண்டும் ஒரே நாளில், இல்லாவிட்டால் ஒரு நாள் முன்பின்னாகப் பொரியும். இதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. தாயின் கொக்கரிப்புக்கு ஓடி வருவது கோழிக்குஞ்சுக்குப் பிறவிக்குணம், கினிக்குஞ்சு சற்று மந்தம். முன்னது ஓடுவதைப் பார்த்துப் பின்னதும் ஓடப் பழகும்.

கோழியைத் தேர்ந்தெடுக்கும்போது சிறுவிடை நல்லது. கனத்த பெருவிடை உட்கார்ந்தால் கெட்டி ஓட்டுக்கு ஒன்றும் ஆகாது. பொரிந்த அன்று குஞ்சுதான் மிதிபடும். ஏற்கெனவே ஓரிரு முறை அடை காத்த கோழியாக இருக்கட்டும், ஏனென்றால் முதல் முறை உட்காருவது 21 நாளுக்குப் பிறகு பொறுமை இழக்க வாய்ப்பு அதிகம். சிறுவிடைக்குப் பதினைந்து கினி முட்டைவரை வைக்கலாம். ஏழு நாளுக்கு மேல் பழைய முட்டை வேண்டாம்.

அகலமான கூடையில் மூன்று அங்குலம் ஆற்றுமணல், அதன்மேல் வைக்கோல். சிலர் மணலில் இரும்பு ஆணி, கரித்துண்டு, வரமிளகாய் போட்டு வைப்பார்கள், இடிக்கு முட்டை கெட்டுப்போகாது என்று. அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, வீட்டில் பெரியவர்கள் போடச் சொன்னால் போட்டுவிடுங்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது பேன். அடை வைப்பதற்கு முன் கோழியின் சிறகடியிலும் வாலடியிலும் வசம்புத் தூளைத் தேய்த்துவிடுங்கள். 28 நாள் உட்கார்கிற கோழியைப் பேன் அரித்தால் பாதியில் எழுந்துவிடும்.

நாளுக்கு ஒரு முறை, கால்மணி முதல் இருபது நிமிடம், இறக்கித் தீனி, தண்ணீர் காட்டுங்கள். கம்பும் உடைத்த மக்காச்சோளமும் போதும். பத்தாம் நாள் இரவு முட்டையை வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். கெட்டியான, புள்ளி விழுந்த ஓடு என்பதால் செல்போன் டார்ச்சில் சரியாகத் தெரியாது. நல்ல எல்இடி டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் ஒட்டிவைத்து, இருட்டறையில் பார்க்க வேண்டும். சிலந்தி மாதிரி நரம்பு ஓடினால் உயிர் உண்டு. தெளிவாகத் தெரிவதை எடுத்துவிடுங்கள்.

இன்குபேட்டரில் வைப்பவர்களுக்கு: 37.5 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம். 24-ஆம் நாள்வரை திருப்பி, பிறகு நிறுத்தி, ஈரப்பதத்தை 65-70க்கு ஏற்றுங்கள்.

பொரிந்த பிறகு முதல் பத்து நாள்தான் கண்டம். கினிக்குஞ்சை வெயிலைவிட, பருந்தைவிட அதிகம் கொல்வது ஈரம். காலைப் பனியில் தாய்க்கோழி புல்லுக்குள் இழுத்துக்கொண்டு போனால், கால்மணியில் வயிற்றடி நனைந்து, விறைத்து, ஒவ்வொன்றாக விழும். தாயையும் குஞ்சுகளையும் மூன்று வாரம்வரை கொட்டகைக்குள்ளேயே வையுங்கள். பஞ்சாரத்தில் போட்டு மூடுவதானால் கவனம்: கோழிக்குஞ்சு நிற்கும் இடைவெளியில் கினிக்குஞ்சு நழுவி வெளியே வந்துவிடும், திரும்பி உள்ளே போகத் தெரியாமல் வெளியிலேயே கத்தும். பஞ்சாரத்தின் கீழ் ஓரடிக்குக் கொசுவலையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். மூன்று வாரத்துக்குப் பிறகும் வெளியே விடுவது காலை ஒன்பது, பத்து மணிக்குப் பனி காய்ந்தபின்.

இதற்காகவே காலத்தைப் பார்த்து அடை வைக்க வேண்டும். கினி பெரும்பாலும் மார்ச் முதல் செப்டம்பர்வரை முட்டையிடும். ஜூலைக் கடைசிக்குப் பிறகு அடை வைத்தால் குஞ்சு எட்டு வாரம் ஆகும் முன்னே ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். அந்தக் குஞ்சில் பாதி தேறினாலே பெரிது.

தாய் இல்லாமல் வளர்த்தால்

ஒரு நாள் குஞ்சு வாங்கினால், அதே நாளில் பொரிந்த நாட்டுக்கோழிக் குஞ்சையும் சேர்த்தே புரூடரில் (பல்பால் சூடு தரும் குஞ்சுக்கூண்டு) விடுங்கள். மூன்று, நான்கு நாளுக்கு மேல் வயது வித்தியாசம் இருந்தால் சின்னது நசுங்கும். இருபது குஞ்சுக்கு மூன்றடி விட்டத்தில் தகரத்தையோ அட்டையையோ வட்டமாக வளைத்து வையுங்கள். சதுரமாக வைத்தால் பயந்து மூலையில் குவிந்து, அடியில் உள்ளது மூச்சுத் திணறிச் சாகும். வெப்பம் முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 35 டிகிரி. வாரம் மூன்று டிகிரி குறையுங்கள். நம் ஊர்க் கோடையில் பகலில் பல்பே வேண்டியிருக்காது. தெர்மாமீட்டரைவிடக் குஞ்சு சரியாகச் சொல்லும்: பல்படியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு, பரவிப் படுத்தால் சரி.

செய்தித்தாள் விரிக்காதீர்கள். வழுக்கி இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, நிற்க முடியாமல் போகும். முதல் மூன்று நாள் சணல் சாக்கு, பிறகு நெல் உமி இரண்டு அங்குலம். ஏற்கெனவே கால் விரிந்துவிட்டால் ஒட்டும் துணி நாடாவால் இரண்டு காலையும் ஒரு அங்குல இடைவெளியில் இணைத்து, எட்டுப் போட்டமாதிரி கட்டி, மூன்று நாள் விட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். ஒரு வாரம் தாண்டினால் நேராகாது.

தண்ணீரில் மூழ்கிச் சாவது கினிக்குஞ்சின் அடுத்த வழக்கம். ஆழம் குறைந்த தட்டில் கோலிக்குண்டோ கூழாங்கல்லோ நிரப்பி, இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். ஐந்தாறு வாரத்தில் பெரிய கோழிகளோடு சேர்க்கும் வேலை தொடங்கும்.

வளர்ந்த குஞ்சை வாங்கினால்

புதிதாக வரும் பறவையை எந்த வயதானாலும் மூன்று வாரம் தனியாக வையுங்கள். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) இருந்தால் அதற்குள் வெளிப்படும். பிறகு கொட்டகையின் உட்பக்கத்தில் ஒரு பகுதியைக் கோழிவலையால் தடுத்து, அங்கே விடுங்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்க்கலாம், கொத்த முடியாது. மூன்று வாரம் அப்படி. நான்காம் வாரம் தடுப்பை எடுத்து, வாசலைத் திறக்காமல் இரண்டு வாரம் உள்ளேயே. மொத்தம் ஐந்து வாரம் உள்ளே கிடந்தபின்தான் வெளியே. இரண்டாம் வாரமே, "பாவம், அடைந்து கிடக்கிறது" என்று திறந்தவர்கள் திரும்பப் பார்ப்பதில்லை.

முதல் முறை விடுகிற நாள் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, ஒரே ஒரு கினியை மட்டும் வெளியே விடுங்கள். மற்றவை உள்ளே இருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கும். வெளியே போனது சத்தம் கேட்கிற எல்லையைத் தாண்டாது. மறுநாள் வேறொன்று. நான்காம் நாள் பாதிக் கூட்டம். வாரம் முடிவில் எல்லாவற்றையும் விட்டாலும், அந்த மாதம் முழுக்க அரை வயிற்றோடு விடுங்கள். ஒரு தகர டப்பாவில் கம்பைப் போட்டுக் குலுக்கி, கொட்டகைக்கு உள்ளே மட்டும் இறைக்க வேண்டும். வெளியே இறைக்கிற பழக்கம் வைத்தால் கினி வெளியிலேயே காத்திருக்கும். டப்பா சத்தம் பழகிவிட்டால் இரண்டு வயல் தள்ளி இருந்தாலும் ஓடி வரும், பறக்காமல் வரிசையாக ஓடிவரும்.

தீவனம்

கினிக்குஞ்சுக்கு முதல் ஐந்து வாரம் 24 முதல் 26 சதவீதம் புரதம் வேண்டும். கோழிக்குஞ்சுக்கு 20 போதும். சேர்த்து வளர்க்கும்போது உயர்ந்ததையே இரண்டுக்கும் கொடுக்கலாம், சில வாரத்துக்குக் கோழிக்கு ஒன்றும் ஆகாது. பிராய்லர் பிரீ ஸ்டார்ட்டர் கிட்டத்தட்ட 22 சதவீதம்தான். கிலோவுக்கு 80 கிராம் உப்பில்லாத மீன்தூள் கலந்தால் 24ஐத் தொடும். கருவாட்டை இடித்துப் போடாதீர்கள், அதிலுள்ள உப்பே குஞ்சைக் கொன்றுவிடும். ஆறு முதல் எட்டு வாரம்வரை 20 சதவீதம், அதற்கு மேல் 16.

கடைத் தீவன மூட்டையில் தைத்திருக்கும் சீட்டை ஒருமுறை படியுங்கள். ரத்தக்கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் சேர்க்கும் மருந்துகளில் மோனென்சின் போன்ற வகை கினிக்கு ஒத்துக்கொள்வதில்லை. கால் இழுத்துக்கொண்டு விழும். மருந்து கலக்காத தீவனமோ, ஆம்ப்ரோலியம் கலந்ததோ கிடைத்தால் அதை வாங்குங்கள். முட்டைக்கோழித் தீவனத்தைப் பதினாறு வாரம் ஆகாத எதற்கும் போடாதீர்கள், அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிளிஞ்சலைத் தனித் தட்டில் வைத்தால் முட்டையிடுகிறவை மட்டும் கொத்திக்கொள்ளும்.

புரதத்துக்குக் காசு செலவழிக்காத வழி கரையான். பழைய மண்பானை ஒன்றில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, ஓலைத்துண்டு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் ஓடுகிற இடத்தில் மண்ணைக் கொத்திவிட்டு சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும், வெயில் ஏறும் முன், தூக்கிக் குஞ்சுகளுக்கு முன்னால் உதறினால் போதும். தாமதித்தால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். கோழிக்குஞ்சும் கினிக்குஞ்சும் ஒரே இடத்தில் தலையை மோதிக்கொண்டு தின்பது பழக்கத்துக்கு நல்லது.

தீவனத் தொட்டி ஒன்றே ஒன்று வைத்தால் ஆண் கினி அதன் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருவரையும் விடாது. மூன்று தொட்டி, ஒன்றிலிருந்து ஒன்று கண்ணுக்கு மறைவாக. தண்ணீரும் அப்படியே இரண்டு இடத்தில். வளர்ந்த பறவைக்கு நாளுக்கு நூறு கிராம் கணக்கு. நல்ல மேய்ச்சல் இருந்தால் மாலையில் ஐம்பது கிராம் போதும்.

சேவலைக் காப்பாற்றுவது

ஏழெட்டு மாதம்வரை எல்லாம் சுமுகமாகத்தான் போகும். முதல் பருவம் வந்ததும் ஆண் கினியின் குணம் மாறும். முதுகை வளைத்து, சிறகைச் சற்றே தூக்கி, விரல் நுனியில் ஓடுகிற மாதிரி ஓடிவரும். சேவல் நேருக்கு நேர் நின்று சண்டை போடுகிற ஜாதி. இரண்டு மிதி மிதித்து முடிவு தெரிந்ததும் விலகிவிடும். கினிக்கு அந்த முறை தெரியாது. பின்னால் ஓடிவந்து வால் இறகைக் கவ்வி இழுக்கும், சேவல் திரும்பினால் விலகும், மறுபடி பின்னால் வரும். நாள் முழுக்க இதே. சேவல் சண்டையில் தோற்பதில்லை, ஓடி ஓடிக் களைத்துத்தான் விழுகிறது.

சேவல் தீவன நேரத்தில் வராமல் ஒதுங்கி நின்றால், வாலடி மொட்டையானால், கொண்டை வெளுத்தால் அன்றே நடவடிக்கை எடுங்கள். எல்லா ஆண் கினியையும் பிடிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒன்றுதான் தொடங்கும், மற்றவை சேர்ந்துகொள்ளும். அரைமணி நின்று பார்த்தால் தெரிந்துவிடும். அதைப் பத்து நாள் தனியே அடைத்து வைத்து மறுபடி விட்டால் சில சமயம் அடங்கும். திரும்பவும் ஆரம்பித்தால் சந்தைக்கோ சட்டிக்கோ அனுப்ப வேண்டியதுதான். காலையில் கொட்டகையைத் திறக்கத் தாமதிப்பதும் சண்டையை வளர்க்கும். விடிந்த பிறகு உள்ளே கழிகிற ஒவ்வொரு நிமிடமும் சேவலுக்கு அடி.

சில நேரம் சேவல் கினிப் பெட்டையை மிதிக்கும். அதிலிருந்து குஞ்சு வருவது அபூர்வம், வந்தாலும் மலடு. அடை வைக்கும் முட்டை வேண்டிய மாதங்களில் ஆண் கினி பெட்டைகளோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டையைக் கண்டுபிடிப்பது

ஒரு பருவத்தில் நூறு முட்டைவரை இடும், அது உங்கள் கைக்கு வந்தால். விட்ட இடத்தில் விட்டால் எல்லாப் பெட்டையும் வேலியோரத்துப் புதரில் ஒரே குழியில் இட்டுவைக்கும். இருபது, முப்பது சேர்ந்தபின் கீரி முதலில் கண்டுபிடிக்கும். கோழி பெரும்பாலும் காலையிலேயே இடும், கினி காலை பத்து மணிக்கு மேல் பிற்பகல்வரை. ஆகவே பருவத்தில் கொட்டகையைக் கோழிக்கு மட்டும் திறந்து, கினியைப் பகல் ஒரு மணிவரை தடுப்புக்குள் வைப்பதே வழி. மேலே சொன்ன வலைத்தடுப்பு இதற்கும் ஆகும். கோழிக்கான திறந்த முட்டைப் பெட்டியில் கினி உட்காராது. தடுப்பின் மறைவான மூலையில் இரண்டு தென்னோலைக் கீற்றைச் சாய்த்து, அடியில் வைக்கோல் போட்டு, பொய் முட்டை இரண்டு வைத்தால் அங்கே இடும்.

புதரில் குழியைக் கண்டுபிடித்துவிட்டால் முழுவதையும் வழிக்காதீர்கள். ஐந்தாறை விட்டுவைத்து, பறவை இல்லாத நேரத்தில், நீளக் கரண்டியால் மற்றதை எடுங்கள். காலியாகப் பார்த்தால் மறுநாளே இடத்தை மாற்றிவிடும், பிறகு மறுபடி ஒரு வாரம் தேட வேண்டும். கினியே அடை உட்கார்ந்தால் சந்தோஷப்பட வேண்டாம். பொரித்த குஞ்சை ஈரத்தில் இழுத்துக்கொண்டு நடந்தே தொலைத்துவிடும்.

நோய், பாம்பு, சத்தம்

கினிக்கு நோய் எதிர்ப்பு அதிகம் என்பது உண்மை. அதற்காகத் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் கினிக்கும் வரும், கினியிலிருந்து கோழிக்கும் போகும். ஏழாம் நாள் எஃப்1 கண்ணில் ஒரு சொட்டு, நான்காம் வாரம் லசோட்டா, எட்டாம் வாரம் ஆர்2பி அரை மில்லி தோலடியில்; மூன்றும் வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்துகள். மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே நாளில் போடுங்கள். கரைத்த மருந்தை ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் கோழி வைத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டால் நூறு டோஸ் குப்பி வீணாகாது. பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாமுக்குக் கினியையும் கூடையில் எடுத்துப்போகலாம்.

குடற்புழு மருந்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். கோழியின் குடலில் சும்மா கிடக்கும் சில புழுக்கள், கோழியோடு சேர்ந்து மேய்கிற கினிக்குக் கரும்தலை நோயைக் கொண்டுவரும். மஞ்சள் நிறக் கழிச்சலும் தொங்கிய சிறகும் கண்டால் காத்திருக்க வேண்டாம். உமியை வாரம் இருமுறை கிளறிக் காயவைத்தாலே ரத்தக்கழிச்சல் பாதி குறையும்.

பாம்பு வராது என்று நம்பிக் கினி வாங்குகிறவர்கள் உண்டு. பாம்பு வரும். வந்தால் கினி சுற்றி நின்று ஊரைக் கூட்டும், அவ்வளவுதான் உத்தரவாதம். கினியின் அபாயக் குரலுக்குக் கோழிகளும் பழகி, பருந்து நிழல் விழுந்ததும் தட்டிக்குள் ஓடிவிடும். சேர்த்து வளர்ப்பதில் கோழிக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பயன் இதுதான். ஆனால் அதே குரல் காலை ஐந்தரை மணிக்கும் வரும், புதிய மோட்டார் சைக்கிளுக்கும் வரும், காற்றில் பறக்கிற பிளாஸ்டிக் பைக்கும் வரும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடு என்றால் இந்த வேலையே வேண்டாம்.

பிடிக்கும் முறை

கோழியைப் பிடிக்கிற மாதிரி காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். உதறுகிற வேகத்தில் கினியின் கால் முறியும், இடுப்பு மூட்டு விலகும். பகலில் துரத்திப் பிடிக்கவும் முயல வேண்டாம். கூட்டம் கலைந்தால் அன்றிரவு ஒன்றும் உள்ளே வராது. விற்கவோ ஊசி போடவோ எது வேண்டுமென்று பகலிலேயே காலின் வளையத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் கோலில் உறங்கியபின் பல்பை அணைத்து, பத்து நிமிடம் கழித்து, சிறிய டார்ச்சோடு போங்கள். பின்பக்கமாக இரண்டு சிறகையும் அடியோடு சேர்த்து உடம்போடு அணைத்துப் பிடித்து இறக்கி, நேராகச் சாக்குக்கூடையில் வைத்து மூட வேண்டும். கூடுதல் ஆண்களை ஜனவரி முடிவதற்குள், சேவலைத் துரத்துகிற பருவம் தொடங்கும் முன்பே, இப்படிக் கழித்துவிடுங்கள். ஒரே இரவில் எல்லாவற்றையும் எடுக்காமல், வாரத்துக்கு ஒன்றாக எடுத்தால் மிச்சமுள்ள கூட்டம் மிரளாது.